என் மண்ணு கீழ கிடக்கு

அங்க வேண்டாம் சார். அந்த இடத்துல தோண்டாதீங்க, அங்க சுக்கான் கிடக்கும். இந்தா இப்படி ஓரமா வாங்க. செருப்பக் கழட்டிராதீங்க, முள்ளு கிடக்கும். மண்ணு எடுக்க வந்த ஆபீசரு முள்ளக் குத்திக்கிட்டு நொண்டிக்கிட்டே போனாருன்னு ஒரு பேரு எனக்கு வேண்டாம். இருக்கிற பேரே போதும்.

என் பேரு சோலையப்பன். நேத்து உங்க மண்ணு பரிசோதனை ஆபீசுக்கு வந்து ஒரு மணி நேரம் சத்தம் போட்டேன்ல, அந்த ஆளு நான்தான். இந்த மேட்டு நிலம் ரெண்டு ஏக்கர் என்னோடது. அந்தா, வரப்புக்குக் கீழ கிடக்கு பாருங்க ரெண்டு ஏக்கர், அது என் தங்கச்சி சீனித்தாயோடது. ஆனா அதுல கிடக்கிற மண்ணு என்னோடது. அதுக்குத்தான் உங்களக் கையோட கூட்டியாந்தேன்.

சிரிக்காதீங்க சார். ஊருல எல்லாரும் சிரிச்சு முடிச்சிட்டாங்க. நான் நியாயமாப் பேசுற ஆளு. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் வச்சிருக்கோம். என் மண்ணு தங்கச்சி நிலத்துல கிடக்கு, திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கன்னு பிராது குடுத்திருக்கேன். பெரிய மனுசங்க என்ன சொல்லிட்டாங்கன்னா, "மண்ணுல உன் பேரா எழுதியிருக்கு? அத்தாட்சி கொண்டா"ன்னுட்டாங்க. சரிதான, அத்தாட்சி வேணும்ல? அதான் உங்ககிட்ட வந்தேன். இங்க கொஞ்சம் எடுங்க, கீழ கொஞ்சம் எடுங்க. ரெண்டும் ஒரே மண்ணுதான்னு உங்க ஆபீசுல சொல்லிட்டீங்கன்னா போதும். அவ திருட்டு வெளிய வந்துரும்.

ணங்குன்னுச்சா? அது பாறை இல்ல சார், சுக்கான்தான். சுண்ணாம்புக் கல்லு மாதிரி வெள்ள வெள்ளயாக் கிடக்கும். எங்க கரிசலுக்கு அடியில எங்க தோண்டுனாலும் அதுதான். மத்தவங்க நிலத்துல ஆளு உசரத்துக்குக் கீழ கிடக்கு. என் நிலத்துல கொஞ்சம் அவசரப்பட்டு மேல வந்துருச்சு. இந்தப் பக்கம் வாங்க. இங்க நல்லா இருக்கும்.

எங்கய்யா இருந்தப்ப இதே இடத்துல கைய உள்ள விட்டா முழங்கை வரைக்கும் போகும் சார். கரேல்னு இருக்கும் மண்ணு. அய்யா சாகுறதுக்கு முன்னாடி நாலு ஏக்கரையும் ரெண்டாப் பிரிச்சாரு. தங்கச்சி புருசன் செத்து கைப்பிள்ளையோட வந்து நிக்கிறா, அவளுக்கும் பாதின்னாரு. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "நீ மூத்தவன், மேடு வேணுமா, பள்ளம் வேணுமா, நீயே எடுத்துக்கோ"ன்னாரு. நான் மேட்ட எடுத்தேன். ரோட்டோரம்ல? விளாத்திகுளம் பஸ்சு இப்படித்தான் போகும். பஸ்சுல போற நாலு பேரு, "அது யாரு புஞ்சை"ன்னு கேட்டா, "சோலையப்பன் புஞ்சை"ன்னு சொல்லணும்ல? பள்ளத்துல கிடந்தா எவன் பாப்பான்? அவளுக்குப் பள்ளந்தான். வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. நமக்குத்தான் சூது தெரியாதே.

இங்கயும் ணங்குங்குதா? சரி, அந்தக் கருவேல மரத்துக்கிட்ட... மரத்தடியில எடுக்கக்கூடாதா? ஆமா, அதுவும் சரிதான். நடுவுல எடுங்க. நடுவுல எடுத்தா நிலம் எப்படின்னு தெரிஞ்சு போயிரும், அது வேண்டாம்னு பாத்தேன். பரவால்ல, எடுங்க.

விசயத்துக்கு வாரேன். இந்த வருசம் நான் நிலத்துக்குச் செய்யாததக் கேளுங்க. ஒண்ணும் பாக்கி இல்ல. மாசி மாசம் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டுக்காரங்க வந்தாங்க. பெரிய மந்தை. கிடை போடுறதுன்னு சொல்லுவோம் சார், உங்க ஆபீசுல என்ன சொல்லுவீங்களோ. ராத்திரி பூரா ஆட்ட நம்ம புஞ்சையில அடைச்சு வைக்கிறது. புழுக்கையும் மூத்திரமும் அங்கயே விழுந்து மண்ணு தெம்பாயிரும். மறுநா ஆட்டச் சுத்திக் கட்டுன வலையப் பிடுங்கிப் பக்கத்துல நட்டு அங்க அடைப்பாங்க. அப்படியே நிலம் பூராவும் சுத்தி வரணும். ஆட்டுக்காரங்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு கம்பும் அரிசியும் அளந்து குடுத்தேன். சும்மா ஒண்ணும் வரல.

நான் என்ன செஞ்சேன்னா, ரோட்டோரம் போட வேண்டாம், கீழ வரப்பு ஓரமாவே போடுங்கன்னுட்டேன். ஏன்னா கண்ணு பட்டுரும் சார். பஸ்சுல போறவன் அவ்வளவு ஆட்டப் பாத்தான்னா வயிறு எரியும். அந்த வயித்தெரிச்சல் பூரா நம்ம நிலத்து மேலதான விழும்? அதனால நிலம் பூராவும் சுத்த விடல, கீழ வரப்பு ஓரமாவே ஒரு வாரம் கிடந்துச்சு ஆடு. நடக்க முடியாது, அப்படிப் புழுக்கை. மெத்து மெத்துன்னு இருக்கும்.

அப்புறம் வைகாசி. கண்மாய் வத்திக் கிடக்கு, கரம்பை அள்ளிக்கலாம்னு சொன்னாங்க. கண்மாய்க்குள்ள அடியில படிஞ்சு கிடக்கிற வண்டல் சார், அதத்தான் கரம்பைன்னு சொல்றோம். அதக் கொண்டாந்து புஞ்சையில பரப்பி உழுதுட்டா ஏழெட்டு வருசத்துக்கு நிலம் பேசும். டிராக்டர் வச்சு நடை நடையா அடிச்சேன். கும்பி கும்பியா நிலம் பூராக் கொட்டியாச்சு. பாக்குறதுக்கே கண்ணு நெறைஞ்சு போச்சு.

பரப்பல. ஏன் பரப்பலன்னு எல்லாரும் கேட்டாங்க, நீங்களும் கேக்குறீங்க. பரப்பிட்டா எத்தனை வண்டி அடிச்சிருக்கேன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு ரெண்டு வாரம் கிடக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும்னு விட்டிருந்தேன். ஆட்டுக்குக் கண்ணு பட்டுரும்னு மறைச்சவன் இத மட்டும் ஏன் காட்டுனேன்னா, ஆடுன்னா உசுருள்ளது, அதுக்குக் கண்ணு படும். மண்ணுக்கு எவன் சார் கண்ணு வைப்பான்?

வச்சுட்டாங்க. கோடை மழை ஒண்ணு விழுந்துச்சு பாருங்க. சாயங்காலம் பிடிச்ச மழை, மாடு பூந்த மாதிரி ரோட்டுப் பக்கமிருந்து அடிச்சுக்கிட்டு இறங்குது. நான் அந்தா அந்த ரோட்டுப் பாலத்துல ஒதுங்கி நின்னுக்கிட்டிருக்கேன். என் கண்ணு முன்னாடி என் கரம்பை கரைஞ்சு போகுது சார். கும்பி கும்பியா இருந்தது கூழு மாதிரி ஆகி, புழுக்கையையும் கூட்டிக்கிட்டு, அந்த வரப்ப ரெண்டு எடத்துல ஒடச்சுக்கிட்டு, நேரா அவ நிலத்துல போயி இறங்குது. நான் கத்துறேன். யாரப் பாத்துக் கத்துறேன்னு எனக்கே தெரியல. மண்ணப் பாத்து, "ஏய், நில்லு, நில்லு"ன்னு கத்தியிருக்கேன். பாலத்துல கூட நின்ன ஆளு ஊரு பூராச் சொல்லிட்டான்.

வரப்பா? வரப்பு நல்ல வரப்புதான் சார். அத நான் எப்படி வச்சிருக்கேன்னு ஊருல கேட்டுப் பாருங்க. வருசா வருசம் விதைப்புக்கு முன்னாடி மம்பட்டியப் போட்டுச் செதுக்கிருவேன். ஒரு புல்லு இருக்காது. சவரம் பண்ணுன மொகம் மாதிரி இருக்கும். செதுக்கும்போது என் பக்கம் ஒரு நாலு விரக்கடை உள்ள தள்ளிச் செதுக்குவேன். என் பக்கம் மட்டுந்தான் சார். அவ பக்கம் நான் கைய வச்சதே கிடையாது, அதுல நான் நியாயமான ஆளு. அப்படிச் செதுக்கிச் செதுக்கியே ரெண்டு சால் உளுந்து கூடுதலாப் போடுற அளவுக்கு இடம் எடுத்திருக்கேன். எங்கய்யா காலத்துல அந்த வரப்பு மேல மாட்டு வண்டி போகும். எதுக்கு அவ்வளவு அகலம்? வரப்புல என்ன விளையப் போகுது? இப்ப ஒரு ஆளு நடக்கலாம். ஒரு கால மாத்தி ஒரு கால் வச்சு நடக்கணும். போதும்ல?

இதுல அவ என்ன செஞ்சு வச்சிருக்கா பாருங்க. அதுதான் எனக்குத் தாங்கல. வாங்க, இங்கருந்து எட்டிப் பாருங்க. வரப்புக்கு அந்தப் பக்கம், அடியில, வரிசையாக் கல்லு அடுக்கியிருக்கா தெரியுதா? கல்லுக்கு முன்னால பருத்திமார, அதான் காஞ்ச பருத்திச் செடியக் கட்டுக் கட்டாப் போட்டிருக்கா. அதுக்கும் கீழ கொழுஞ்சிச் செடி விதைச்சு விட்டிருக்கா. நான் பருத்திமார எல்லாம் கொளுத்திருவேன் சார், நிலம் தொடச்ச மாதிரி சுத்தமா இருக்கும். அவ கொளுத்த மாட்டா. வருசா வருசம் கொண்டாந்து இங்க அடுக்குறா. எதுக்கு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. தண்ணி போகணும், மண்ணு மட்டும் தங்கணும், அதுக்குத்தான? அப்ப மேல இருந்து மண்ணு வரும்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்ல? வலை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா சார். திருடணும்னு எண்ணம் இல்லாதவ எதுக்கு வலை விரிக்கிறா?

இதக் கூட்டத்துல கேக்கத்தான் போறேன்.

இன்னொண்ணும் கேக்கணும். மூணு வருசமா வந்து வந்து சொல்லுவா. "அண்ணே, வரப்பு மெலிஞ்சு போச்சு, ரெண்டு பேருமாச் சேந்து உசத்திக் கட்டுவோம். ஒரு கல்லு நீ வை, ஒரு கல்லு நான் வைக்கேன். நடுவுல வேணும்னா என் நிலத்துல இருந்தே ஒரு முழம் எடுத்துக்கோ"ன்னு. எம்புட்டு சாமர்த்தியம் பாருங்க! உசத்திக் கட்டுனா அவ நிலத்துக்கு நெழலு விழுகாது, என் நிலத்துக்குத்தான் விழும். கிழக்க வரப்பு, காலை வெயிலு. அதெல்லாம் நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். "போ போ, பெறகு பாப்போம்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

என் வீட்டுக்காரிகூட அவ பக்கந்தான். "உங்க தங்கச்சிய எதுக்குக் கூட்டத்துல நிறுத்துறீக, அவ என்ன வானத்துல ஏறி மழையத் திருப்பி விட்டாளா"ங்கறா. போன வருசம் எனக்கு உளுந்து சாண் உசரம் நின்னு காஞ்சு போச்சு. அவளுக்கு முழங்காலுக்கு வந்துச்சு. அவ குடுத்து விட்ட உளுந்தத்தான் என் வீட்டுல இட்லிக்கு ஆட்டுறாங்க. நான் சாப்பிடுறேன். ஏன் சாப்பிடக் கூடாது? வருசா வருசம் மழைக்குக் கீழ போன என் மண்ணுல விளைஞ்ச உளுந்துதான?

இப்ப உங்களுக்கு விசயம் வெளங்குதா சார். பொரட்டாசி பாதி போயிருச்சு. மழை எந்த நாளும் இறங்கும், இறங்குன ஒடனே விதைச்சாகணும். எதுல விதைக்க? இந்தச் சுக்கான்லயா? திருப்பூருல என் மகன் ஜெயக்கொடி இருக்கான். போன்ல பேசுனான். "ஏப்பா, இந்த வருசமும் ஒண்ணும் வரலன்னா புஞ்சைய சோலார்க்காரனுக்குக் குடுத்துருவோம். உளுந்து முளைக்காத எடத்துல கரண்டாவது முளைக்கட்டும்"ங்கறான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. போன வச்சதுக்கு அப்புறம் சிரிப்பு வரல சார். பயமா இருக்கு. உள்ளதச் சொல்றேன், பயமா இருக்கு. பொறந்ததுல இருந்து இந்த மண்ணத் தவிர எனக்கு வேற சோலி தெரியாது. காலையில எந்திரிச்சா கால் தன்னால இங்கதான் வருது. இங்க கண்ணாடியா நட்டு வச்சுட்டு வேலி போட்டுட்டான்னா, நான் எங்க போயி நிப்பேன்? அந்தப் பாலத்துலயா? அதுக்காகத்தான் இம்புட்டுப் பாடு. அந்த மண்ணு திரும்பி இங்க வரணும், மழைக்கு முன்னாடி வரணும். வேற ஒண்ணும் கேக்கல.

சரி, இங்க தோண்டுனது போதும். பைக்குள்ள பாதி கல்லாத்தான் இருக்கு. வாங்க கீழ எறங்குவோம். பாத்து, வரப்புல ரொம்ப மிதிக்காதீங்க, ஒடஞ்ச எடத்துல மண்ண அள்ளிப் போட்டு அடைச்சது, பொதபொதன்னு இருக்கும். கையக் குடுங்க. ம்.

இங்க போடுங்க மம்பட்டிய. பாத்தீங்களா! சத்தமே இல்ல. வெண்ணெயில கத்திய விட்ட மாதிரி போகுது. அந்தா, மண்புழு. அள்ளி மோந்து பாருங்க. இது என் கிடை ஆட்டு வாசம் சார். எனக்குத் தெரியாதா? இந்த மண்ண எடுத்துக்கோங்க. பேசாம ஒண்ணு செய்வோமா, இந்தப் பையில என் பேரு எழுதிருங்க. என் மண்ணுதான, இதுக்குத்தான என் பேரு போடணும்? அந்தக் கல்லுப் பையில அவ பேரப் போடுங்க. முடியாதா? சரி, கேட்டுப் பாத்தேன். கோவிக்காதீங்க.

அந்தா வாரா. சீனித்தாய்தான். கையில சொம்பு வச்சிருக்கா பாருங்க. ஆபீசரு வந்திருக்காருன்னு தெரிஞ்ச ஒடனே மோரு! வாங்கிக் குடிக்காதீங்க சார், நாளைக்கு நீங்க அவ பக்கம்னு ஊருல பேசிருவாங்க. சரி சரி, வெயிலு கொளுத்துது, குடிங்க. ஒரு வாயி எனக்கும் வைங்க.

என்ன சீனி, பாத்துட்டியா? ஆபீசரு மண்ணு எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை உன் வண்டவாளம் எல்லாம்... என்ன? என்ன சொல்ற?

சார், கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "கூட்டம் எதுக்குண்ணே, உன் மண்ணு இல்லேன்னு நான் என்னைக்குச் சொன்னேன். எம்புட்டு வேணுமோ அள்ளிக்கோ"ங்கறா.

ஒரு நிமிசம் இருங்க சார். வைகாசியில இருந்து இவகிட்ட என்னென்ன கேக்கணும்னு மாட்டுக்கிட்டயும் மரத்துக்கிட்டயும் பேசிப் பழகி வச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு. இப்படிப் படக்குன்னு குடுத்துட்டா சண்டைய எங்க கொண்டு போயி வைக்கிறது?

சரி, குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? கிழக்க பாருங்க, மேகம் கூடிருச்சு. இன்னைக்கே அள்ளிருவோம். ஏ குருசாமி... இருங்க சார், டிராக்டர்காரன் போன எடுத்துட்டான்... ஏ குருசாமி, வண்டிய எடுத்துக்கிட்டு என் புஞ்சைக்கு வா. ஆமா, இப்பவே. ரோட்டோட வந்து என் நிலத்துல எறங்கு. நான் வழி எடுத்து வைக்கிறேன்.

வழிதான் சார். இவ நிலத்துக்கு ரோடு கிடையாதுல்ல? என் நிலத்து வழியாத்தான் வண்டி எறங்கணும். நடுவுல இந்த வரப்ப ஒரு டிராக்டர் அகலத்துக்கு வெட்டி விட்டோம்னா சர்ருன்னு எறங்கி, அள்ளிக்கிட்டு, சர்ருன்னு ஏறிரும். அந்த மம்பட்டிய இப்படிக் குடுங்க.

ஏ சீனி, நீ எதுக்கு வரப்பு மேல வந்து நிக்கிற? எறங்கு. கேட்டீங்களா சார்? "வரப்ப மட்டும் வெட்டாதண்ணே, கூடையில சொமந்து போடுவோம், நானும் சேந்து சொமக்கேன்"ங்கறா. கூடையில சொமந்தா எப்ப முடியும்? மழை அந்தா நிக்குது. நேரத்தக் கடத்துறா சார், மழை இறங்கிட்டா மண்ணு அவளுக்கே ஆயிரும்ல. நான் இத்தன வருசமாப் பாக்குறேன், இந்த வரப்பு மேல இவளுக்கு அப்படி என்ன பாசமோ.

அழுகுறா சார். பாத்துக்கோங்க, நீங்களே சாட்சி. இவ புருசன் செத்தப்பக்கூட வாயில சேலையக் கடிச்சுக்கிட்டு நின்னவ, இப்ப அழுகுறா. வாயி குடுக்கேங்குது, மனசு குடுக்கல. மண்ணு போகுதேன்னு அழுகுறா.

மம்பட்டியக் குடுங்க சார். ஏன் பின்னால வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? நான் என்ன பிடுங்கிக்கிட்டா ஓடிருவேன்? நீங்களும் தலைய ஆட்டுறீங்க. அந்த மோரக் குடிக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்.

சரி, வச்சுக்கோங்க உங்க மம்பட்டிய. இதுக்கு மம்பட்டி எதுக்கு? காலால நாலு எத்து எத்துனாலே சரிஞ்சிரும். பாருங்க... இந்தா... பாத்தீங்களா, எம்புட்டு லேசா விழுகுது.

தள்ளி நில்லு சீனி, கால்ல விழுந்துறப் போகுது. அழுகாத. எல்லாத்தையும் அள்ளிற மாட்டேன், உனக்கும் ரெண்டு வண்டி விட்டு வச்சுட்டுத்தான் போவேன். அண்ணன்தான நான்.